தொழில் செய்யும் ஆர்வத்தை வகுப்பில் ஊட்ட முடியுமா? சுங்கை சிப்புட்டில் ஒரு சனிக்கிழமை வகுப்பு குறித்து

பள்ளிப் பொருளாளர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் உள்ள ஒரு தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் நான் பொருளாளராக இருக்கிறேன். ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டத்துக்குள் இருந்த பள்ளி அது. தோட்டம் கைமாறி மக்கள் தாமான்களுக்கு (வீடமைப்புப் பகுதிகளுக்கு) குடிபெயர்ந்த பிறகு பள்ளியும் ஊருக்குள் வந்துவிட்டது. எங்கள் பிள்ளைகளின் தாத்தா பாட்டிகளில் பெரும்பாலோர் ரப்பர் எடுக்கப் பால்மரம் வெட்டியவர்கள். பெற்றோரில் பலர் விடியற்காலை ஐந்தரை மணிக்குத் தொழிற்சாலைப் பேருந்தில் ஈப்போவுக்குப் போகிறார்கள். சிலர் லாரி ஓட்டுகிறார்கள், சிலர் வீட்டிலேயே பலகாரம் செய்து விற்கிறார்கள்.

போன மாதம் பள்ளித் திடலில் உணவுச் சந்தை நடத்தி 6,800 வெள்ளி (ரிங்கிட்) சேர்த்தோம். ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர்கள் 32 பேருக்கு அந்தப் பணம் பயன்பட வேண்டும் என்பதில் செயலவையில் எல்லாருக்கும் ஒரே கருத்து. எப்படி என்பதில்தான் இரண்டு கட்சி. வெளியூரிலிருந்து பேச்சாளர்களை வரவழைத்து இரண்டு நாள் இளம் தொழில்முனைவோர் முகாம் நடத்தலாம் என்கிறார்கள் ஒரு சாரார். அதற்கான கட்டணம் 5,000 வெள்ளி. ஏறக்குறைய அதே பணத்தில் பயன்படுத்திய மடிக்கணினிகள் எட்டு வாங்கிச் சனிக்கிழமைதோறும் கணினி வகுப்பு நடத்தலாம் என்கிறார்கள் மற்றவர்கள். முகாமுக்கு ஆதரவாகப் பேசிய ஒரு தந்தை, "கணினி படித்தவன் வேலைக்குப் போவான், ஊக்கம் பெற்றவன் வேலை கொடுப்பான்" என்றார். கூட்டத்தில் கைதட்டல் எழுந்தது. எனக்கோ அந்தப் பேச்சில் ஏதோ ஒன்று பொருந்தவில்லை என்று பட்டது; ஆனால் எதிர்த்துச் சொல்ல என்னிடம் தெளிவான வாதம் இல்லை.

என் பக்கத்து வீட்டுப் பையன் ஆறாம் ஆண்டு படிக்கிறான். பின்கட்டுச் சுவரோரம் பழைய ஊறுகாய்ப் போத்தல்களை வரிசையாக வைத்துச் சண்டை மீன் வளர்க்கிறான். ஒன்றையொன்று பார்த்தால் மீன்கள் சீறிச் சீறிக் களைத்துவிடும் என்று போத்தல்களுக்கு இடையில் அட்டைத் துண்டுகளைச் செருகியிருக்கிறான். ஒரு மீன் 3 வெள்ளி. எந்த முகாமிலும் யாரும் அவனுக்கு ஊக்கமூட்டவில்லை. போன வாரம் அவனிடம், "இதில் உனக்கு மிச்சம் எவ்வளவுப்பா?" என்று கேட்டேன். சற்று யோசித்துவிட்டு, "தெரியலை ஆண்ட்டி, தீனி வாங்கினதெல்லாம் அம்மா காசு" என்றான்.

ஒருவரைத் தொழிலில் இறங்கத் தூண்டுவது உண்மையில் எது? எந்த அளவுக்குக் கணினி தெரிந்தால் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு அது கைகொடுக்கும்? அனுபவமுள்ளவர்கள் எழுதினால் அடுத்த கூட்டத்தில் பேச எனக்குத் துணையாக இருக்கும்.

ஓய்வுபெற்ற கிராணி எழுதியது:

அம்மா, வணக்கம். நான் 31 ஆண்டுகள் தோட்ட அலுவலகத்தில் கிராணியாக (எழுத்தராக) இருந்தவன். கணினியைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி குறைவு. கணக்கைப் பற்றிப் பேசத் தகுதி உண்டு.

தோட்டத்தில் செக்ரோல் என்ற வருகை, சம்பளப் பதிவேடு எங்கள் மேசையில் இருந்தது. காலைப் பெரட்டில் (ஆள் கணக்கெடுப்பில்) பெயர் கூப்பிடுவதிலிருந்து மாதக் கடைசியில் சம்பளம் போடுவது வரைக்கும் ஒரு குடும்பத்தின் வாழ்க்கை முழுவதும் அந்த நீளமான ஏட்டின் ஒரு வரியில் அடங்கியிருந்தது. பால் நிறுக்கும் கொட்டகையில் வாளியை நிறுத்து, மெட்ரோலாக் கருவியைப் பாலில் மிதக்கவிட்டு அதன் கெட்டித்தன்மையைப் பார்த்து, உலர்ந்த ரப்பர் எவ்வளவு தேறும் என்று கணக்கிட்டு நாங்கள் எழுதும் எண்தான் அவர்களுடைய வருமானம். வெட்டியவர்களில் மிகப் பலருக்கு அந்த எண் எப்படி வந்தது என்று தெரியாது. தெரியவைக்க வேண்டும் என்று எங்களுக்கும் அப்போது தோன்றவில்லை. அதை இன்று நினைத்தாலும் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ஓர் அம்மாள் மட்டும் விதிவிலக்கு. எழுதப் படிக்கத் தெரியாதவர். வீட்டுக் கதவின் உள்பக்கப் பலகையில் அடுப்புக்கரியால் தினம் ஒரு கோடு போட்டுவைப்பார்; முழுநாள் வேலைக்கு நெடுங்கோடு, மழையால் பாதியில் நின்ற நாளுக்குக் குட்டைக்கோடு. ஒரு மாதம் அலுவலகத்துக்கு நேராக வந்து, "ஐயா, ரெண்டு நாள் குறையுது" என்றார். ஏட்டைப் புரட்டிப் பார்த்தேன். தவறு எங்களுடையது. இரண்டு நாள் கூலியைச் சேர்த்துக் கொடுத்தோம். பிற்காலத்தில் இரண்டு மாடு வாங்கிப் பால் ஊற்றத் தொடங்கி, தோட்டத்தை விட்டு வெளியேறியபோது கையில் சொந்தமாக ஒரு வீட்டுக்கான முன்பணம் வைத்திருந்தவர் அவர் ஒருவர்தாம். அவரைத் தூண்டியது எது என்று யாராவது என்னைக் கேட்டால், தன் உழைப்பின் அளவு தனக்கே தெரிந்திருந்ததுதான் என்று சொல்வேன்.

நம் ஊர்க்காரர்களுக்கு இன்னொன்றையும் நினைவுபடுத்த வேண்டும். 1950களின் பிற்பகுதியில் வெள்ளைக்காரர்கள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்கத் தொடங்கியபோது, சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த அமைச்சர் துன் வீ. தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய்த் தொழிலாளர்களிடம் பங்குப் பணம் சேர்த்து 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அன்றாடக் கூலிக்காரர்கள் தோட்டத்துக்குப் பங்குதாரர்கள் ஆனார்கள். இருக்கும் இடம் பறிபோய்விடுமோ என்ற அச்சமும், நாமே உடைமையாளர் ஆகலாம் என்ற நம்பிக்கையும் ஒருசேர அவர்களை இழுத்தன. பேச்சு அவர்களைக் கூட்டியது என்பது உண்மை. ஆனால் கையில் ஒரு பங்குப் பத்திரமும் அதில் ஓர் எண்ணும் இருந்ததால்தான் அவர்கள் நிலைத்து நின்றார்கள்.

வீட்டுப் பலகாரம் எழுதியது:

பொருளாளர் அக்காவுக்கும் ஐயாவுக்கும் வணக்கம். ஐயா சொன்ன கரிக்கோட்டைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது, ஏனென்றால் அந்தக் கரிக்கோடு இல்லாமல்தான் நான் மூன்று ஆண்டுகள் முறுக்கு விற்றேன்.

என்னைத் தூண்டியது தேவை. கோவிட் தொற்றால் 2020 மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. கணவருக்கு மூன்று மாதம் சம்பளம் இல்லை. மாமியார் கற்றுக்கொடுத்த முறுக்கைச் சுட்டு அக்கம்பக்கத்தில் கொடுத்தேன், வாங்கினார்கள். நிலைமை சரியான பிறகு கணவர், "இனி நீ கஷ்டப்பட வேண்டாம், நிறுத்திவிடு" என்றார். நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. அந்த இடத்தில்தான் தேவை முடிந்து வேறு ஏதோ தொடங்கியது என்று நினைக்கிறேன். என் கையால் செய்த பொருளில் என் பெயர் ஒட்டப்பட்டு, முன்பின் அறியாதவர் ஒருவர் தேடிவந்து வாங்கிப் போவதில் ஒரு நிமிர்வு இருக்கிறது. அதைப் பணத்தால் மட்டும் விளக்க முடியாது.

ஆனால் கணக்கு? தினமும் பணம் வந்துகொண்டிருந்தது, ஆகவே லாபம் என்று நம்பினேன். படிவம் நான்கு (இடைநிலைப்பள்ளி நான்காம் ஆண்டு) படிக்கும் என் மகள் பள்ளிப் பாடத்துக்காகக் கணினியில் கணக்கு அட்டவணை போடும் எக்செல் விரிதாள் பழகிக்கொண்டிருந்தாள். உதாரணத்துக்கு ஒரு கணக்கு வேண்டும் என்று என்னைக் கேட்டாள். ஒரு தடவை சுட்டால் 40 பொட்டலம் வரும். மாவு, உளுந்து, எண்ணெய் 78 வெள்ளி. எரிவாயு 6. பையும் ஒட்டுத்தாளும் 16. கூடமாட உதவும் அண்ணிக்கு 40. கடைகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கப் பெட்ரோல் 12. மொத்தம் 152 வெள்ளி, ஆகப் பொட்டலம் ஒன்றுக்கு 3 வெள்ளி 80 சென். வீட்டுக்கு வந்து வாங்குபவர்களுக்கு 5 வெள்ளிக்குக் கொடுத்தேன், அதில் குறையில்லை. கடைகளுக்கு நான் கொடுத்த விலை 3 வெள்ளி 50 சென். அதாவது கடைக்குப் போன ஒவ்வொரு பொட்டலத்திலும் 30 சென் என் கையிலிருந்து போய்க்கொண்டிருந்தது. கடை வியாபாரம் பெருகியதென்று நான் மகிழ்ந்த மாதங்களில்தான் அதிகம் இழந்திருக்கிறேன். என் சொந்த உழைப்புக்கு அந்தக் கணக்கில் ஒரு காசும் போடவில்லை என்பதை மகள்தான் சுட்டிக்காட்டினாள். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுவாரம் கடை விலையை 4 வெள்ளி 30 சென் ஆக்கினேன். இரண்டு கடைகள் ஏற்றுக்கொண்டன, ஒரு கடை வேண்டாம் என்றுவிட்டது. விலை எண்ணை மாற்றினால் விரிதாளின் கடைசிக் கட்டத்தில் என்ன ஆகும் என்று முன்பே திரையில் பார்த்துவிட்டதால், அந்த ஒரு கடை போனபோது நான் பயப்படவில்லை.

இன்னொரு நடைமுறைச் செய்தி. மலேசிய நிறுவன ஆணையத்தில் வியாபாரத்தைப் பதிவதற்கு, சொந்தப் பெயர் என்றால் ஆண்டுக்கு 30 வெள்ளி, வணிகப் பெயர் என்றால் 60 வெள்ளி. தொழில் தொடங்கிய 30 நாளுக்குள் பதிய வேண்டும் என்பது சட்டம். இணையம் வழியாகவே செய்யலாம். சிறு தொழில்களுக்குக் கடன் கொடுக்கும் அரசு அமைப்பான தெக்குன் நேஷனலில் இந்தியத் தொழில்முனைவோருக்கான ஸ்பூமி என்ற கடன் திட்டமும் உண்டு. சிறுகடன் அமைப்பான அமானா இக்தியாரில் இந்தியப் பெண்களுக்கென்று 2024-இல் தொடங்கிய பென் என்ற கடன் திட்டத்துக்கு 50 மில்லியன் வெள்ளி ஒதுக்கப்பட்டது. இவற்றைப் பற்றிக் கேள்விப்பட்டும் விண்ணப்பிக்காத பெண்களை எனக்குத் தெரியும். அவர்களுக்கு உழைப்பிலோ ஆசையிலோ குறைவில்லை. கோப்பைப் பதிவேற்று, படத்தின் அளவைக் குறை என்று திரையில் வந்ததும் கைப்பேசியை வைத்துவிடுகிறார்கள்.

குலை லாரி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். மாற்றுக் கருத்து ஒன்றைச் சொல்ல அனுமதிக்க வேண்டும்.

செம்பனைக் (எண்ணெய்ப்பனை) குலை ஏற்றும் லாரி ஒன்றை வைத்துத் தொழில் செய்கிறேன். எனக்கு வயது 29. படிவம் ஐந்து முடித்த பிறகு ஓராண்டு கணினிப் பயிற்சி படித்தேன். என்னுடன் படித்த 18 பேரில் இன்று சொந்தத் தொழில் செய்பவன் நான் ஒருவன். மற்றவர்கள் பினாங்கிலும் கோலாலம்பூரிலும் அலுவலகங்களில் இருக்கிறார்கள். அதில் தவறில்லை. ஆனால் கணினி வகுப்பு தொழில்முனைவோரை உண்டாக்கும் என்று யாரும் பெற்றோருக்கு வாக்குக் கொடுக்கக் கூடாது. நான் லாரி வாங்க முடிந்தது, அப்பாவின் சேமநிதிப் பணத்தில் ஒரு பங்கு கிடைத்ததால். அது இல்லாத என் நண்பனுக்கு என்னைவிடத் துணிச்சல் அதிகம். அவன் இன்றும் வேறொருவர் லாரியைத்தான் ஓட்டுகிறான். நம் பிள்ளைகளுக்கு முதலும் இல்லை, நிலமும் இல்லை, பெரிய மனிதர்களின் அறிமுகமும் இல்லை. இந்த மூன்றையும் பேசாமல் ஊக்கத்தைப் பற்றியும் கணினியைப் பற்றியும் மட்டும் பேசினால், தோற்றுப்போகும் பிள்ளை தன் மீதே பழியைப் போட்டுக்கொள்ளும்.

ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்கிறேன். இரண்டாவது லாரிக்குக் கடன் கேட்டுப் போனபோது ஆறு மாத வங்கிக் கணக்கு அறிக்கை கேட்டார்கள். வரவு செலவு எல்லாம் ரொக்கம். நிறுவைச் சீட்டுகள் லாரியின் முன்பெட்டியில் கட்டுக் கட்டாகக் கிடந்தன, பாதி மை மங்கிப்போய். காட்ட ஒன்றும் இல்லாமல் திரும்பினேன். இப்போது, விற்பனைச் சீட்டை இணையம் வழி வரித்துறைக்கு அனுப்பும் மின்விலைப்பட்டியல் முறையும் வந்துவிட்டது. ஆண்டு விற்பனை 100 மில்லியன் வெள்ளிக்கு மேற்பட்ட நிறுவனங்களுக்கு 2024 ஆகஸ்டு 1 முதல் நடப்புக்கு வந்து, படிப்படியாகச் சிறிய நிறுவனங்களை நோக்கி இறங்கிவந்திருக்கிறது. அவர்களிடம் குத்தகை எடுக்கும் என்னைப் போன்றவர்கள் இனி தாளில் எழுதிக் காலம் தள்ள முடியாது.

இடைநிலைப்பள்ளி ஆசிரியை எழுதியது:

வணக்கம். நான் கணினி அறிவியல் அடிப்படைப் பாடம் கற்பிக்கிறேன். தம்பி சொன்ன மூலதனப் பிரச்சினை உண்மையானது, அதை எந்த வகுப்பாலும் தீர்க்க முடியாது என்பதை முதலில் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பொருளாளர் கேட்ட கேள்விக்கு, ஐயாவின் கரிக்கோட்டிலும் சகோதரியின் 30 சென்னிலும் பதில் ஏற்கெனவே வந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

டேவிட் மெக்லெலண்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1960களில் தொழில்முனைவோரின் மனத்தை ஆராய்ந்தார். சாதிக்க வேண்டும் என்ற உந்துதல் மிகுந்தவர்களை வளையம் எறியும் விளையாட்டில் அவர் அடையாளம் கண்டார். முளைக்கு எவ்வளவு தூரத்தில் வேண்டுமானாலும் நின்று எறியலாம். சிலர் ஒட்டி நின்று போட்டார்கள், அதில் தோல்வியே வராது. சிலர் எட்டாத தூரத்தில் நின்று வீசினார்கள், விழுந்தால் அதிர்ஷ்டம். உந்துதல் மிகுந்தவர்கள் இடைப்பட்ட தூரத்தில் நின்றார்கள். முயன்றால் விழும், முயலாவிட்டால் விழாது என்ற தூரம் அது. சூதாட்டத் துணிச்சல் அவர்களிடம் இல்லை. தாங்கள் எறிந்தது விழுந்ததா இல்லையா என்று உடனுக்குடன் தெரிந்துகொள்ள அவர்கள் விரும்பினார்கள். தொழிலில் லாபம் அவர்களுக்கு முதலில் ஓர் அளவுகோல், பிறகுதான் பணம். இந்த உந்துதலைப் பயிற்சியால் வளர்க்க முடியுமா என்று பார்க்க, 1964-இல் ஆந்திராவின் காக்கிநாடா நகரத்து வணிகர்களை ஹைதராபாத்துக்கு வரவழைத்துப் பயிற்சி கொடுத்தார். பயிற்சி பெற்றவர்களிடம் பிற்காலத்தில் தொழிலை விரிவாக்கும் முனைப்பு கூடியதாக அவருடைய குழு பதிவு செய்தது. ஆக, ஊக்கப் பயிற்சி வீண் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் காக்கிநாடாவில் பயிற்சி பெற்றவர்கள் ஊருக்குத் திரும்பியபோது அவர்களுக்குக் கடையும் கணக்கேடும் காத்திருந்தன. நம் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு முகாம் முடிந்த திங்கட்கிழமை என்ன காத்திருக்கிறது?

சகோதரி குறிப்பிட்ட விரிதாளின் பிறப்பும் இங்கே பொருந்தும். 1978-இல் டான் பிரிக்லின் என்பவர் ஹார்வர்டு வணிகப் பள்ளி மாணவராக இருந்தார். கரும்பலகையில் எழுதிய ஒரு நிதிக் கணக்கில் ஓர் எண் மாறினால் அதைத் தொட்ட அத்தனை எண்களையும் அழித்துத் திருத்த வேண்டியிருந்ததைப் பார்த்து, தானாகத் திருந்தும் பலகை ஒன்று வேண்டும் என்று எண்ணினார். பாப் ஃபிராங்ஸ்டனுடன் சேர்ந்து அவர் உருவாக்கிய விசிகால்க் 1979-இல் ஆப்பிள் 2 கணினிக்கு வெளிவந்தது. அதற்காகவே கணினி வாங்கிய வணிகர்கள் பலர். "விலையை மாற்றினால் என்ன ஆகும்?" என்று நஷ்டப்படாமல் கேட்டுப் பார்க்கும் வசதி சிறு வியாபாரிக்கும் அப்போதுதான் கிடைத்தது.

வகுப்பறை நிலவரத்தைச் சொல்கிறேன். 1999-இல் 88 பள்ளிகளில், கணினி வழிக் கற்பித்தலுக்கான பெஸ்தாரிப் பள்ளித் திட்டம் தொடங்கியது. 2020 ஜூனில் டெலிமா இணையக் கற்றல் தளம் வந்தது. திட்டங்களுக்குக் குறைவில்லை. ஆனால் பள்ளி மூடி வீட்டிலிருந்தே படித்த இல்லிருப்புக் கற்றல் காலத்தில், அப்பா வேலை முடிந்து ஆறு மணிக்கு வீடு திரும்பினால்தான் கைப்பேசி கிடைக்கும் என்ற நிலையில் இருந்த மாணவர்கள் என் வகுப்பிலேயே ஏழு பேர். அவர்கள் இன்று கைப்பேசியில் காணொளி வெட்டி ஒட்டுவதில் என்னைவிட வேகமானவர்கள். "கோப்பை எங்கே சேமித்தாய்?" என்று கேட்டால், "கேலரியில், டீச்சர்" என்கிறார்கள். கோப்புறை என்றால் என்ன, ஒரே கடிதத்தின் மூன்று திருத்தங்களை எப்படிப் பிரித்து வைப்பது, பத்து விரலால் தட்டச்சு செய்வது எப்படி, கூட்டல் சூத்திரத்தை எப்படி எழுதுவது என்று தெரியாமலே படிவம் ஒன்றுக்கு வருகிறார்கள். தொடுதிரையில் வளர்ந்த பிள்ளைக்குக் கணினி தெரியும் என்று பெற்றோர் நம்புவதுதான் எனக்கு மிகவும் கவலை தரும் தவறு.

ஆகவே எட்டு மடிக்கணினிகள் போதும், நான்கு பேருக்கு ஒன்று. தமிழிலும் தட்டச்சு செய்யப் பழக்குங்கள். முரசு அஞ்சல், செல்லினம் என்ற தமிழ்த் தட்டச்சுச் செயலிகளை உருவாக்கிய முத்து நெடுமாறன் நம் நாட்டவர் என்பதை அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். தமிழை எழுதக் கணினியில் வழியில்லையே என்ற குறையிலிருந்து 1980களில் தொடங்கிய உழைப்பு அது. தொழில் தொடங்குவதற்கான காரணங்களில் பசி, பெருமை, லாபம் ஆகியவற்றோடு இந்த வகைக் குறையையும் பிள்ளைகள் அறிந்துகொள்ளட்டும்.

குலை லாரி எழுதியது:

ஆசிரியைக்கு நன்றி. வகுப்பு நடந்தால் என் நிறுவைச் சீட்டுகளில் ஒரு மாதக் கட்டைத் தருகிறேன். தேதி, எடை, கழிவு, கிடைத்த தொகை எல்லாம் அதில் இருக்கிறது. பிள்ளைகள் அட்டவணை போட்டுப் பழகலாம். ஆலையில் எனக்குக் கழித்த எடை சரியா என்று எனக்கும் தெரிந்ததுபோல் இருக்கும்.

பள்ளிப் பொருளாளர் எழுதியது:

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று இரவு செயலவை கூடியது. உங்கள் பதில்களை அச்செடுத்து எல்லார் கையிலும் கொடுத்தேன். கைதட்டல் வாங்கிய அந்தத் தந்தை கரிக்கோட்டுக் கதையை இரண்டு முறை படித்தார். அவருடைய அம்மாவும் பால் வெட்டியவர்தானாம். முகாம் வேண்டாம் என்று முடிவாகவில்லை, அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைத்திருக்கிறோம். இப்போதைக்கு மடிக்கணினிகள் எட்டு. அவற்றுக்கு 5,200 வெள்ளி போக மீதி 1,600 வெள்ளியில் பழுதுபார்க்கும் செலவைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தம்பி சொன்ன முதல், நிலம், அறிமுகம் என்ற மூன்றையும் கூட்டத்தில் மறைக்காமல் சொன்னேன். முதல் சேர்க்கும் வழிகளைப் பற்றிப் பெற்றோருக்குத் தனியாக ஒரு மாலை நடத்த வேண்டும் என்று தீர்மானம் எழுதியிருக்கிறோம். பலகாரச் சகோதரி கடன் விண்ணப்பத்தைத் திரையில் நிரப்பிக் காட்ட வர முடியுமா என்று கேட்கிறேன்.

முதல் வகுப்பு வரும் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு. முதல் பாடத்துக்குப் பக்கத்து வீட்டுப் பையனின் மீன் கணக்கை எடுத்துக்கொள்ள அவனிடம் சம்மதம் வாங்கிவிட்டேன். தீனிக்குச் செலவான பணத்தை அம்மாவிடம் கேட்டு எழுதிக்கொண்டு வரச் சொன்னேன். செத்துப்போன மீன்களை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று இப்போதே கேட்கிறான். ஆசிரியை அதற்கு ஒரு வழி சொன்னால் நல்லது. படவீழ்த்தி ஒன்றை இரவல் தரக்கூடியவர்கள் யாராவது இருந்தால் இங்கேயே எழுதுங்கள்.